காயத்தில் ஒட்டிப்போன கட்டை எப்படி எடுக்கிறார்கள்? அம்மாவின் தீக்காயமும் நாங்கள் பார்த்த நர்சிங்கும்

அம்மாவுக்குத் தீக்காயம் பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இதற்குள் ஒரு தனியார் நர்சிங் ஹோம், ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பர்ன்ஸ் வார்டு, வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சி ஒன்று, அப்புறம் மருந்துக்கடையிலும் சர்ஜிக்கல் கடையிலும் வாங்கிய க்ரீம், கட்டு, உறை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். அப்போது நான் ராத்திரி முழுக்க போனில் தேடினேன். "டாக்டர் நன்றாகப் பேசினார், பார்க்கிங் வசதி இல்லை" என்ற அளவில்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். நர்சிங் எப்படி இருந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை. தீக்காயக்காரருக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் சிஸ்டர்கள் கையில்தான் இருக்கிறோம். அதனால் இதில் நர்சிங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். குறை சொல்ல வேண்டியவையும் இருப்பதால் எந்த இடத்தின் பெயரையும் போடவில்லை.

முதலில் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். காயத்தோடு ஒட்டிப்போன பழைய கட்டை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சலைனை (கிருமியில்லாத உப்புநீரை) ஊற்றி நனைத்துவிட்டு, அது தானாக விடும்வரை காத்திருக்கிறார்களா, இல்லை ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுக்கிறார்களா? அந்த ஒன்றிலேயே பாதி தெரிந்துவிடும்.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறேகால் மணிக்கு வாசலில் அகல் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் புடவையில் தீப்பிடித்தது. சிந்தெடிக் புடவை. பருத்தி எரியும், இது உருகித் தோலில் ஒட்டிக்கொண்டது. இடது கை முழுக்க, வயிற்றின் இடது பக்கம், இடது தொடை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார், அந்தத் தண்ணீருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறோம். அதோடு நிறுத்தாமல் இன்னும் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. சாதாரணத் தண்ணீர்தான், ஐஸ் கூடாது. காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டாம். நாங்கள் செய்தது என்னவென்றால், யாரோ சொன்னார்கள் என்று பேனா மையை ஊற்றினோம், இன்னொருவர் சொன்னார் என்று கையில் இட்லி மாவைத் தடவினோம். தயவுசெய்து இதையெல்லாம் செய்யாதீர்கள். மை பட்ட இடத்தில் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று டாக்டரால் பார்க்க முடியாது, அந்த நிறத்தை வைத்துத்தான் காயத்தின் ஆழத்தையே சொல்ல வேண்டும். மாவைக் கழுவி எடுக்கும்போது அம்மா பட்ட வலியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஊரில் இருந்த நர்சிங் ஹோமுக்குத்தான் முதலில் போனோம். மூன்று மணி நேரம் வைத்திருந்தார்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்கள், ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள், பஞ்சை நேராகக் காயத்தின் மேல் வைத்து பேண்டேஜ் சுற்றினார்கள். பஞ்சை வெறுமனே தீக்காயத்தின் மேல் வைக்கக் கூடாது, அதன் நார் ஒவ்வொன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தவறு, அம்மாவின் இடது கையில் கண்ணாடி வளையலும் மோதிரமும் அப்படியே இருந்தன. வெந்த கை சில மணி நேரத்திலேயே வீங்கும், வீங்கினால் மோதிரம் கயிறுபோல இறுக்கி விரலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். அங்கே இருந்த நர்ஸ் பெண்கள் இருவரும் சின்ன வயசு, அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தீக்காயத்தைப் பார்க்கத் தெரியாத இடம், "இங்கே முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்துக்கு ஐந்துக்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை.

தீக்காயம் என்றதும் எல்லோரும் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை என்றார்கள். அவ்வளவு தூரம் தாங்காது என்று பயந்து, பக்கத்தில் இருந்த இன்னோர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸில் போனோம். போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்று.

வார்டில் இருந்த சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குத் தீப்பிடிச்சுது?" நான் வந்து சேர்ந்த நேரத்தைச் சொன்னேன். "அது வேண்டாம்மா, தீப்பிடிச்ச நேரம் சொல்லு" என்றார். ஏன் என்று மறுநாள்தான் புரிந்தது. தீக்காயத்தில் உடம்பின் நீரெல்லாம் ரத்தக் குழாயிலிருந்து கசிந்து வெளியேறிவிடும், அதை ஈடுகட்டத்தான் டிரிப்ஸ். உடல் எடையை, வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று ஒரு கணக்கு வரும். அம்மா 60 கிலோ, காயம் 18 சதவீதம், அப்படியென்றால் 4,320 மில்லி. இதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும், அந்த 8 மணி நேரம் ஆரம்பிப்பது தீப்பிடித்த நிமிடத்திலிருந்து. அதாவது ராத்திரி இரண்டேகாலுக்குள் 2,160 மில்லி. நாங்கள் கொண்டுபோனபோது உள்ளே போயிருந்தது ஒரே ஒரு 500 மில்லி பாட்டில். டாக்டர் எழுதிக் கொடுத்ததும் சிஸ்டர் இரண்டு கையிலும் ஊசி வழி தேடினார், சிறுநீர்க் குழாய் போட்டார், மணிக்கு மணி சிறுநீர் எத்தனை மில்லி என்று டார்ச் அடித்துப் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதினார். மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுவார். விடிகிற வரைக்கும் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

சதவீதம் எப்படிப் போடுகிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர்களுக்குத் தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, உடம்பின் முன்பக்கம் 18, முதுகுப்பக்கம் 18, மீதி ஒன்று. சின்னச் சின்னக் காயங்கள் என்றால், நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு சதவீதம். குழந்தைகளுக்குத் தலை பெரிது என்பதால் கணக்கு மாறும்.

இனி அந்தக் கட்டு. நர்சிங் ஹோமில் வைத்த பஞ்சை எடுக்க அந்தச் சிஸ்டருக்கு அன்று ராத்திரி முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் வலிக்கு ஊசி போட்டுவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அம்மா துடிக்கிறாள், இவர் போய்விட்டாரே என்று. அரை மணி நேரம் கழித்து வந்து, "இப்பத்தான் மருந்து பிடிச்சிருக்கும், இனிமே தொடலாம்" என்றார். வளையல்களை வெட்டி எடுத்தார், மோதிரத்தையும் வெட்டினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிய சலைன் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சின் மேல் விட்டார், விட்டுவிட்டுக் காத்திருந்தார், மறுபடி விட்டார். "அம்மா, முதல்ல கை, அப்புறம் வயிறு, கடைசியா கால். வலிச்சா நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திடுவேன்." அம்மா மூன்று தடவை நிறுத்தச் சொன்னாள், மூன்று தடவையும் கையை எடுத்துவிட்டார். நான்காவது தடவை அம்மாவே, "பரவாயில்ல, எடும்மா" என்றாள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மனுஷிக்கு எவ்வளவு வலியைத் தாங்க முடிகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பிறகு வந்த முப்பத்தோரு நாளும் இதேதான் முறை. சுத்தமான காயம் முதலில், சீழ் இருக்கும் இடம் கடைசியில், ஒவ்வோர் இடத்துக்கும் கையுறை மாற்றுவார்கள். எடுத்த கட்டைக் குப்பையில் போடும் முன் நிறத்தைப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். பச்சை நிறம் படிந்து ஒரு மாதிரி இனிப்பு வாடை வந்தால் அது ஒரு கிருமியின் அடையாளமாம். ஒன்பதாம் நாள் தொடையில் அப்படி வந்தது. டாக்டர் வருவதற்கு முன்பே சிஸ்டர் கண்டுபிடித்து, பரிசோதனைக்கு எடுக்க எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்.

அவர்களிடம் நான் மிக அதிகமாகச் சண்டை போட்டது தலையணைக்காக. அம்மா முட்டிக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, கையை மடித்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டால்தான் கொஞ்சமாவது தூங்குவாள். சிஸ்டர் வந்ததும் தலையணையை உருவிவிடுவார். கையை நீட்டி, அக்குள் விரியும்படி பக்கவாட்டில் ஒரு பலகையின் மேல் வைத்து, நுனி உயரமாக இருக்கும்படி துணியைச் சுருட்டி வைப்பார். கொடுமையாக இருந்தது பார்க்க. "உங்கம்மாவுக்கு எது சுகமா இருக்கோ அப்படித்தான் தோல் சுருங்கி ஒட்டிக்கும்மா. மடிச்சு வச்ச முழங்கை மடிஞ்சே நின்னுடும், அப்புறம் அதை நீட்ட ஆபரேஷன் பண்ணணும்" என்றார். விரல்களைத் தனித்தனியாகச் சுற்றி, இடையில் காஸ் என்கிற மெல்லிய வலைத்துணி வைத்து, கட்டைவிரலை விலக்கி வைப்பார்கள், சேர்த்துச் சுற்றினால் விரலோடு விரல் ஒட்டி ஆறிவிடுமாம். கழுத்தில் காயம் பட்ட பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குத் தலையணையே கிடையாது, தோளுக்கடியில் ஒரு துணிச்சுருள்தான். அந்தப் பெண்ணின் மாமியார் ராத்திரி பாவப்பட்டுத் தலையணை வைப்பார், காலையில் சிஸ்டர் எடுப்பார். தினமும் இதே போராட்டம்.

சாப்பாட்டையும் நர்சிங்கில்தான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதைக் கணக்கு வைத்ததும் அவர்கள்தான். நம் ஊரில் புண் என்றால் முட்டை, கறி, மீன் எல்லாம் ஆகாது, சீழ் பிடிக்கும் என்று நிறுத்திவிட்டு இட்லியும் ரசமும் கொடுப்போம். தீக்காயத்துக்கு அது நேர் எதிர். தோல் புதிதாக முளைக்கப் புரதம் வேண்டும், ஒரு கிலோ எடைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிராம்வரை. அம்மாவுக்கு அது 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். முட்டை, பால், சுண்டல், பருப்பு, மீன் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி, என்ன சாப்பிட்டாள் என்று எழுதி வாங்குவார்கள். அம்மா சைவம் இல்லை, அதனால் தப்பித்தோம்.

அந்த வார்டுக்கு மேல் மாடியில் தோல் வார்டு. குழாயடியில் பழக்கமான ஒரு அம்மாவின் மகள் அங்கே இருந்தாள். தீயே படவில்லை. வலிப்புக்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முழுக்கக் கொப்புளம் வந்து தோல் தாள் தாளாக உரிந்துவிட்டது. வலிப்பு மாத்திரைகள் சில, யூரிக் அமிலத்துக்கான அல்லோபியூரினால், சல்ஃபா மருந்துகள் ஆகியவற்றால் மிக அரிதாக இப்படி வருமாம், உடனே அந்த மருந்தை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. அந்தப் பெண்ணை வாழை இலையில் படுக்க வைத்திருந்தார்கள். எனக்கு முதலில் நெஞ்சு பதறியது. வாழை இலையில் கிடத்துவது என்றால் நம் வீடுகளில் அம்மை கண்டவர்களைத்தான் நினைப்போம், இது ஆஸ்பத்திரியில் எதற்கு என்று. பிறகு யோசித்தால் அவ்வளவு சரியான பொருள் வேறில்லை. இலையின் மேல் இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு இருக்கிறது, ஈரமான காயம் அதில் ஒட்டாது, குளிர்ச்சி, விலை மலிவு, தினமும் மாற்றலாம். சும்மா தோட்டத்தில் அறுத்துக்கொண்டு வந்து போடுவதில்லை, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துத்தான் விரிக்கிறார்கள். வாழை இலைக் கட்டையும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் கட்டையும் தீக்காயத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்த நம் நாட்டு மருத்துவர்களின் ஆய்வுக்கட்டுரை 2003இல் வந்திருக்கிறது. அந்தத் தோல் வார்டு சிஸ்டர்கள் அவள் உடம்பில் ஒரு பிளாஸ்டர்கூட ஒட்டவில்லை, ஒட்டினால் எடுக்கும்போது தோலும் வரும். பிரஷர் பார்க்கும் பட்டையை வெறும் தோலில் சுற்றாமல் காஸ் வைத்துச் சுற்றினார்கள். இமை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடிக்கடி கண்ணில் சொட்டு விட்டார்கள். அவள் நடந்து வீட்டுக்குப் போனாள். என் அம்மாவுக்கு முன்னாலேயே.

குறைகளையும் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் அத்தனை படுக்கைக்கும் சேர்த்து ஒரு சிஸ்டரும் ஒரு பயிற்சி மாணவியும்தான். அந்த நேரத்தில் யாருக்காவது மூச்சுத் திணறினால் மற்றவர்களுக்கு வலி ஊசி ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், தள்ளிப் போனது. தீக்காய வார்டில் வெளியாட்களை விடக் கூடாது, ஆனால் துணைக்கு இருப்பவர்கள் இல்லாமல் அங்கே நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கவும் ஆளில்லை, அதனால் நாங்களே கிருமியைக் கொண்டுபோகிறவர்களாகவும் ஆனோம், வேலை செய்கிறவர்களாகவும் ஆனோம். கழிப்பறை மோசம். ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற என்று கையில் பணம் கேட்பவர்கள் இருந்தார்கள். சிஸ்டர்கள் யாரும் கேட்கவில்லை, ஒருமுறை நான் புடவை வாங்கிக் கொடுக்கப் போனபோது திட்டி அனுப்பினார்கள். முகத்தில் காயம் பட்ட சின்னப் பெண்களிடம் பேச ஒரு மனநல ஆலோசகர் தேவை, வாரம் ஒருமுறை வருவார் என்றார்கள், நாங்கள் இருந்த நாட்களில் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். இவ்வளவையும் மீறி இந்த வார்டின் நர்சிங்குக்கு நான் கொடுப்பது ஐந்துக்கு நாலரை. குறைத்த அந்த அரை மதிப்பெண் சிஸ்டர்களுடையது இல்லை, அவர்களுக்குத் துணைக்கு ஆள் போடாதவர்களுடையது.

கையில் ஆழமான காயம் என்பதால் வலது தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். ஆபரேஷன் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை. ஒன்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், தோல் வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலிக்கும், முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லுங்கள். எங்களுக்குச் சிஸ்டர் சொல்லியிருந்தார், அதனால் அம்மா பயப்படவில்லை. ஐந்தாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி தாம்பரத்தில் தம்பி வீட்டுக்கு வந்தோம். தொடையில் உள்ளங்கை அளவு இன்னும் ஆறவில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். ஏஜென்சியில் 12 மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் என்று ஒரு நர்ஸ் அனுப்பினார்கள். வெள்ளை உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாளே ஒட்டியிருந்த காஸை ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டார். அம்மா கத்திய கத்தில் தம்பி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தான். புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து வந்து ரத்தம் வழிந்தது. அந்த இடம் மறுபடி ஆற மேலும் இரண்டு வாரம் ஆனது. கேட்டபோதுதான் சொன்னார், அவர் படித்தது ஆறு மாத உதவியாளர் பயிற்சி, முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் இதுவரை செய்திருக்கிறார். அழுதுவிட்டார் பாவம். அவரை நர்ஸ் என்று சொல்லி அனுப்பி, நர்சுக்கான பணத்தை வாங்கி, அதில் எவ்வளவு அவருக்குக் கொடுத்தார்களோ. ஏஜென்சிக்குப் போன் செய்தால் "எல்லாரும் டிரெஸ்ஸிங் பண்ணுவாங்க மேடம்" என்று ஒரே பதில். ஏஜென்சிக்கு ஒன்று.

அடுத்து வந்தவர் அதே ஏஜென்சியிலிருந்துதான், ஆனால் நான் இந்த முறை கேள்வி கேட்டுத்தான் எடுத்தேன். மூன்று வருட ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ படித்தவரா, நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங்கா, தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா, தீக்காயமோ சர்க்கரைப் புண்ணோ பார்த்த அனுபவம் உண்டா, கடைசியாக, கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? போனில் அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "சலைன் ஊத்தி வைப்பேன் அக்கா, வரலைன்னா இன்னும் ஊத்துவேன்." அவரையே வரச் சொன்னேன். ஏழு வாரம் வந்தார். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் அம்மாவிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் கட்டைத் தொடுவார். அம்மா அவரைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள், அவரும் பாட்டி என்று சொல்லாமல் அம்மா என்றே கூப்பிட்டார். இவருக்கு ஐந்துக்கு ஐந்து.

பொருட்களைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை நிற சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் எல்லா இடத்திலும் கொடுப்பார்கள், விலை குறைவு, கிருமியைத் தடுக்கும், ஆரம்ப நாட்களுக்கு நல்லது. ஆனால் காயம் ஆறத் தொடங்கிய பிறகும் அதையே அப்பிக்கொண்டிருந்தால் ஆறுவது தாமதமாகும், தினமும் அதைத் தேய்த்துக் கழுவி எடுப்பதும் வேதனை. சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள், கர்ப்பிணிகள், பிறந்த குழந்தைகளுக்குக் கூடாது. எங்களுக்கு இரண்டாவது வாரத்திலிருந்து பாரஃபின் தடவிய வலைத்துணிக்கு மாற்றினார்கள், கடையில் பாக்டிகிராஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதில் கிருமிநாசினியும் இருக்கிறது. ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. மேலோட்டமான காயத்துக்குக் கொலாஜன் என்கிற புரதத்தால் செய்த மெல்லிய ஷீட் வைத்தார்கள், வயிற்றில் வைத்தது தானாகக் காய்ந்து உதிரும்வரை தொடவே வேண்டியதில்லை, கட்டு மாற்றும் வேதனையே இல்லை. ஆழமான காயத்துக்கும் சீழ் உள்ள இடத்துக்கும் அது உதவாது. இந்தக் கொலாஜனைக் காயத்துக்குக் கட்டாக மாற்றும் ஆராய்ச்சியில் அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மாட்டுத்தோலைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காக 1948இல் தொடங்கிய இடம் மனிதத்தோலுக்கும் வழி பார்த்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

காயம் ஆறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் அரிப்பு ஆரம்பித்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்ட அம்மா, அரிப்பு தாங்காமல் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அழுவாள். ஆழமாக வெந்து ஆறிய இடத்தில் வியர்வைச் சுரப்பியும் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் இல்லை, வறண்டு வெடிக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மணமில்லாத களிம்போ தேங்காய் எண்ணெயோ மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும், தேய்ப்பதே மசாஜும் ஆகும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்புக்கு மாத்திரையும் உண்டு, கேட்டு வாங்குங்கள், தானாகக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் பிரஷர் கார்மென்ட் என்கிற இறுக்கமான உறை. தழும்பு தடித்து மேடாகாமல் இருக்க, ஒரு நாளைக்கு 23 மணி நேரம், ஒரு வருடம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் போட வேண்டும். குளிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் மட்டும்தான் கழற்றலாம். முதலில் ஆன்லைனில் ரெடிமேடாக ஒன்று வாங்கினோம், அது வீண், மேல் கையில் தளர்வு, மணிக்கட்டில் இறுக்கம். அளவெடுத்துத் தைப்பதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்றைத் துவைத்து நிழலில் காயவைக்கும்போது மற்றது. மூன்று மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், தளர்ந்ததைப் போட்டுப் பிரயோஜனமில்லை. சித்திரை வெயிலில், வியர்க்காத தோலின் மேல் அந்த உறையைப் போட்டுக்கொண்டு அம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. நனைத்துப் பிழிந்த துண்டை உறையின் மேலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பர்ன்ஸ் வார்டு சிஸ்டர், புறநோயாளியாகப் போனபோது. பொருளுக்கு நாலு கொடுப்பேன், அளவெடுக்க வந்தவர் முழங்கையை நீட்டச் சொல்லி ஒருமுறை, மடக்கச் சொல்லி ஒருமுறை என்று பொறுமையாக எடுத்ததற்காகவே.

செலவைக் கேட்பவர்களுக்கு, அரசு மருத்துவமனையில் எங்களுக்குச் சிகிச்சைக்குப் பணம் ஆகவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு, சேர்ந்த உடனேயே அட்டையை வார்டில் காட்டிவிடுங்கள். எங்களுக்குப் பணம் போனதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான், நர்சுக்கும் உறைக்கும்.

போன வாரம் கடைசி செக்கப். முழங்கை முழுதாக நீள்கிறது, கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறது. அக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, கையைத் தூக்கிச் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் வழியில் அம்மா வார்டுக்குள் எட்டிப்பார்த்து அந்தச் சிஸ்டரைத் தேடினாள். அவர் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தார், மின்விசிறி நின்றிருந்தது. அம்மா கூப்பிடவில்லை. வாசலில் நின்று, அவர் சலைனை ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "வேலையா இருக்கா, அடுத்த மாசம் வந்து பாத்துக்கலாம் வா" என்றாள்.